வண்டி ஊர்வலத்தன்று வீட்டுக்கு வராதே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். என் நலத்தில் முழங்காலைச் சேர்க்கவில்லை, அது தனிக்குடித்தனம் போய்விட்டது, நான் சொன்னால் கேட்பதில்லை. உன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்து குளியலறைக் குழாயைச் சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்தான், அதுவரை சொட்டிக்கொண்டிருந்த குழாய் அவன் கை பட்டதும் ஒழுகத் தொடங்கிவிட்டது. பிளம்பரைக் கூப்பிடுடா என்றால், "உனக்கு என் மேல நம்பிக்கையே இல்லம்மா" என்று கோபித்துக்கொண்டான், காபியை மட்டும் கோபமில்லாமல் குடித்துவிட்டுப் போனான். மறுநாள் பிளம்பர் வந்து பார்த்து, "இதுல யாரும்மா கை வெச்சது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை, குடும்ப மானம் இருக்கிறதல்லவா.

உன் கடிதம் கிடைத்தது. கிழித்த தாளில், பென்சிலால், ஓரம்கூட விடாமல் எழுதியிருக்கிறாய். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான், அதைப் பார்த்ததும் சிவப்பு மையைத் தேடிக் கை பரபரத்தது. போகட்டும். விழா வாரத்தில் வகுப்பு இல்லை, அந்த நாட்களில் வந்து எனக்குத் துணையாக இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஒவ்வொரு வகுப்பும் ஒரு வண்டியை ஜோடித்துக் கல்லூரியைச் சுற்றி இழுத்துப் போவார்களாம், உன்னோடு படிக்கும் பிள்ளைகள் உன் அறை வாசலில் வந்து நின்று, "அக்கா, நீங்கதான் முன்னாடி மேளம் அடிக்கணும், நீங்க இல்லாட்டி வண்டி நகராது" என்றார்களாம், முப்பத்து நான்கு வயதில் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு ஆட எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று சொல்லி நீ அவர்களை அனுப்பிவிட்டாயாம். எனக்கு வந்த கோபத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அப்பா படுக்கையில் விழுந்த வருஷம், கல்லூரியில் இடம் கிடைத்தும் போகாமல் மருந்துக் கடைக் கல்லாவில் போய் உட்கார்ந்தவள் நீ. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, ஆனால் நீ வேலை முடிந்து வரும்போது கதவைத் திறக்க அவரேதான் எழுந்து போவார், என்னை விடமாட்டார், முடியாத நாளிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு போவார். இத்தனை வருஷம் கழித்து உனக்குக் கிடைத்த கல்லூரி இது. பாடம் படிக்க மட்டுமா போனாய்? பாடத்தை வீட்டில் உட்கார்ந்தும் படிக்கலாம், மேளத்தை வீட்டில் அடித்தால் மாடி வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

நான் படித்த காலத்தில் எங்கள் விடுதியில் விளக்கு நடை என்று ஒன்று உண்டு. ஆளுக்கொரு காகித விளக்கு, அவரவரே செய்ய வேண்டும். பொழுது சாய்ந்ததும் வரிசையாக நடப்போம், விடுதித் தலைவியான மதர், வருஷம் முழுக்க எங்களை முறைத்துக்கொண்டே இருப்பவர், அன்றைக்கு மட்டும் தலையில் காகிதத் தொப்பியோடு முதலில் நடப்பார். யார் விளக்கு அணைகிறதோ அவள் அந்த இடத்திலேயே நின்று பாட வேண்டும். முதல் வருஷம் என் விளக்கைப் போல நேர்த்தியாக யாரும் செய்யவில்லை. மடிப்பு மடிப்பாகப் பசை தடவி, ஊசி நுழைய இடமில்லாமல் ஒட்டியிருந்தேன். காற்றுப் போக வழியில்லை, படி இறங்குவதற்குள் அணைந்துவிட்டது. பாட்டு வராமல் விழித்துக்கொண்டு நின்றேன். என் பக்கத்துக் கட்டில்காரி, குரலுக்காக நாங்கள் வெண்கலம் என்று கூப்பிடுவோமே, அவள் தன் விளக்கைத் தானே ஊதி அணைத்துவிட்டு, "ஐயோ, எனக்கும் போச்சே" என்று வந்து என்னோடு சேர்ந்து பாடினாள். நான் பாடிய லட்சணத்தில் மதரின் தொப்பியே குலுங்கியது. அந்தச் சிரிப்பைப் போல ஒன்றை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

கடைசி வருஷம் நம் விளக்கை முதல் வருஷப் பெண் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும், அதுதான் விடைபெறும் முறை. நான் பசையும் கையுமாக இருந்தபோது என் அண்ணன், உன் பெரியமாமாதான், வந்து நின்றார். "அம்மாவுக்குக் கால் வீங்கிப் போச்சு, உன்னையே கேக்கறாங்க, கிளம்பு" என்றார். அழுதுகொண்டே போனேன். வீடு போய்ச் சேர்ந்தால் அம்மா பால்காரரோடு வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நீ வரேன்னு தெரிஞ்சதுமே எனக்குச் சரியாப் போச்சுடி" என்றார். பொய் இல்லை, உண்மையாகவே சொன்னார். என் விளக்கையும் வெண்கலமே கொடுத்தாளாம். அன்று எடுத்த புகைப்படத்தைப் பிறகு அனுப்பினாள், அதில் அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு எல்லோரும் நிற்கிறார்கள். உன் அப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றார், நான் விடவில்லை.

அம்மா மேல் எனக்குக் கோபம் இருந்தது, இந்த வாரம் வரைக்கும் இருந்தது. நீ வருகிறேன் என்று எழுதியதைப் படித்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனேன், பாதி வழியில்தான் கவனித்தேன், கால் வலிக்கவே இல்லை. பயந்துபோனேன். அதனால்தான் சொல்கிறேன், வராதே. பக்கத்து வீட்டுத் தையல்காரி காலையும் மாலையும் வந்து எண்ணெய் தேய்த்துவிட்டு ஊர் வம்பும் சொல்கிறாள், எண்ணெயைவிட வம்புக்கு வலி நன்றாகக் கேட்கிறது. உன் அண்ணியும் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறாள். எனக்கு ஆள் இல்லாமல் இல்லை.

இன்றைக்கே போய் அந்தப் பிள்ளைகளிடம் மேளத்தை வாங்கு. காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள், வெயிலில் தொப்பி போடு, முகச் சாயத்தை முதலில் கையில் தடவிப் பார், உனக்குச் சட்டென்று தடித்துவிடும். அறைச் சாவியை இடுப்பில் முடிந்துகொள். கடவுள் உனக்கு நல்ல உடம்பும் நிறைந்த மனசும் தரட்டும். விழா முடிந்த மறுநாள் எனக்குப் போன் செய், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் உன்னால் பேச முடியாமல் இருக்க வேண்டும், நானே பேசிக்கொள்கிறேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா