பிடுங்குவதற்கு முன் காட்ட வேண்டிய தாள்

அன்பு மச்சானுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதுவது. அக்காவும் பிள்ளைகளும் நலம். பெரியவள் இரண்டு கையையும் விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டுகிறாள். அந்தத் திமிர் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைவாய்ப் பல் விண்டுபோய் வலி உயிரை எடுக்குது, சனிக்கிழமை பிடுங்கிடப் போறேன், உங்கக்காகிட்ட மூச்சு விடாதே என்று எழுதியிருந்தீர்கள். வயரிங் வேலையில் வயரைப் பல்லால் உரிக்காதீர்கள் என்று எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டேன். நானும் அப்படித்தான் உரிக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் தாடையில் யாரும் முப்பத்து மூன்று நாள் கதிர்வீச்சு வைக்கவில்லையே.

மனசு கேட்காமல் உங்கள் பழைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு, நாக்குப் புற்றுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவிடம் போனேன். பிடுங்க விடாதீங்க என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. கதிர் பட்ட எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவாம். பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் தாடை எலும்பே செத்துப்போகலாமாம். மூன்று வருடம் ஆகிவிட்டதே என்றேன். முப்பது வருஷம் ஆனாலும் அதே எலும்புதானே என்றார். உங்கள் கீழ்த்தாடையில் விழுந்த கதிரின் அளவும் அதிகமாம். சிகரெட், சர்க்கரை, வாயைச் சுத்தமாக வைக்காதது எல்லாம் ஆபத்தைக் கூட்டுமாம். சிகரெட்டை விட்டுட்டாரா என்று அவர் கேட்டபோது நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்ல சேதியும் உண்டு. வேர் சிகிச்சை செய்தால் பல்லைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாமாம். எடுத்தே தீர வேண்டுமென்றாலும் அந்தப் பல் டாக்டர் முதலில் தன்னிடம் பேசட்டும், வழி இருக்கிறது என்றார். அவருடைய எண்ணைக் கவரின் மேல் எழுதியிருக்கிறேன்.

வேலைக்குப் போன ஊரில் யாரிடமும் உங்கள் நோயைப் பற்றிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். வேலை போய்விடும் என்ற பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் பல் டாக்டர் உங்கள் காண்ட்ராக்டர் இல்லை மச்சான். லீவு முடிந்து அங்கே திரும்பும் நம் ஊர் பெயிண்டரிடம் கொடுத்தனுப்பும் இந்தக் கவரில் கதிர்வீச்சுத் தாளின் நகல் இருக்கிறது. நாற்காலியில் சாய்வதற்கு முன் அதை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

நான் மூச்சு விடவில்லை. ஃபைலைக் காணாமல் தேடி அக்காவே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அழவில்லை, திட்டவில்லை. பல் டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாராடா என்று மட்டும் கேட்டாள். சொல்லிட்டார் என்றேன். அதன்பிறகுதான் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.

நல்லபடியாக இருங்கள். அக்காவிடம் நான் பொய் சொன்னதே இல்லை மச்சான். சனிக்கிழமைக்குள் இதையும் உண்மையாக்கிவிடுங்கள்.

என்றும் உங்கள்
மைத்துனன்