கருப்புப் பந்து விழாத சனிக்கிழமைகள்

ஜூன் 7, சனி

அப்பாவை நான் பார்க்கும் நேரத்தை நீதிமன்றம் எழுதிக் கொடுத்திருக்கிறது: சனிக்கிழமை, நாலு முதல் ஆறு. இன்று மழை, பூங்காவுக்குப் போக முடியாது. அப்பா தங்கியிருக்கும் அறையில் இன்னும் மூன்று பேர். டயர் கடைக்கு மேலே, மேசையில் கோலால் பந்து தள்ளி ஆடும் பூல் கூடத்துக்குள் ஓடினோம்.

இருவருக்கும் ஆடத் தெரியாது. ராஜா கையில் இருந்தால் செங்கோல்; அப்பா கையில் இருந்தது கொடுங்கோல். மேசைமேல் இருந்த பச்சைத் துணி கிழியாமல் பிழைத்ததே பெரிய விஷயம். என் முதல் அடியில் வெள்ளைப் பந்து மேசையை விட்டே குதித்து ஓடியது.

"உன்ன மாதிரியே வாலு. ஒரு இடத்துல நிக்காது" என்றார் அப்பா.

கோலின் நுனியில் தேய்க்கும் நீலச் சுண்ணக்கட்டியை அவர் போனில் தடவி வைத்தேன். நீலக் காதோடு பஸ் ஏறினார். நான் சொல்லவே இல்லை.

ஜூன் 14, சனி

கூடத்தில் ஒரு விதி. கூட்டம் இருந்தால் ஒரே ஆட்டம்தான். முடிந்ததும் காத்திருப்பவர்களுக்கு மேசையை விட வேண்டும். நம்முடைய ஏழு பந்துகளையும் மேசை ஓரத்துப் பைகளுக்குள் தள்ளிவிட்டுக் கடைசியாகத்தான் கருப்பு. முந்திக்கொண்டு அதை விழவைத்தால் தோல்வி, ஆட்டமும் அங்கேயே முடிந்தது.

முந்திக்கொண்டேன். நாலு இருபதுக்கே.

மீதி நேரம் படிக்கட்டில். "படிப்பு எப்படி?" "போகுது." "அம்மா?" "இருக்காங்க." எனக்கா ஜோக்குக்குப் பஞ்சம்? ஒன்றுகூட வரவில்லை. அப்பா கீழே இருந்த டயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 21, சனி

கருப்புக்கும் பைக்கும் ஒரு சாண் தூரம். அப்பா தவறவிட்டார். மறுபடி. மறுபடி. "கண்ணாடிய மாத்துங்கப்பா. இல்ல, கண்ணையே மாத்துங்க" என்றேன். ஆறு மணி வரை ஒரே ஆட்டம். காத்திருந்த காலேஜ் அண்ணன்கள் பல்லைக் கடித்தார்கள்.

ஜூன் 25, புதன்

பள்ளி விட்டு வரும் வழியில் பூல் கூடத்துக்காரர் நின்றிருந்தார். காலர் முழுக்க நீலத்தூள் என்பதால் நான் வைத்த பெயர் நீலகண்டன்.

"உங்கப்பா செவ்வாய், வியாழன்னு தனியா வந்து ஆடுறாரும்மா. கருப்பக் கண்ண மூடிட்டுப் போடுறாரு. உன்கூட ஆடும்போது மட்டும் அவருக்கு என்னாகுது?"

சிரித்து மழுப்பினேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு — சரி, விடு.

தவறவிடுவதற்கா ஒரு மனுஷன் பழகுவார்?

ஜூன் 28, சனி

இன்று நானும் தவறவிட்டேன். மயிரிழையில் தவறவிடுவது, விழவைப்பதைவிடக் கஷ்டம். "ச்சே! இந்தா, கொஞ்சத்துல போச்சே!" என்று அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டதைப் பார்த்தால் யாரும் நம்பிவிடுவார்கள். இடையில் எவ்வளவு பேசினோம்! கணக்கு டீச்சரின் பேனா மூடிகளை நான் நிறம் மாற்றிப் போட்டு வைத்த கதைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஜூலை 5, சனி

ஐந்து ஐம்பத்தெட்டுக்குக் கருப்பு விழுந்தது. இருவருமே கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஆடினோம்.

ஜூலை 12, சனி

கோலை எடுக்கும் முன்பே சொல்லிவிட்டார். "கம்பெனில வெளிநாட்டுக்கு அனுப்புறாங்கடா. ரெண்டு வருஷம். வர்ற வியாழன் ஃபிளைட்டு."

"எப்பத் தெரியும்?"

"போன மாசமே."

போன மாசமே! அப்போ என்கூடச் சிரிச்சதெல்லாம் என்ன? நான் என்ன லூசா?

ஆட்டம் தொடங்கி நாலாவது அடி. என் முறை. மேசை முழுக்கப் பந்து கிடக்க, கருப்பைத்தான் குறி பார்த்தேன். ஓங்கி அடித்தேன். விழுந்தது. நாலு பதினெட்டு.

அப்பா தன் கோலைச் சுவரில் சாய்த்தார். அடுத்து ஆடப்போகிறவர்களுக்காகப் பந்துகளை முக்கோணச் சட்டத்துக்குள் அடுக்கி வைத்தார். "நல்ல அடி" என்றார்.

படிக்கட்டில்கூட உட்காராமல் "நான் போறேன்" என்று பஸ் ஏறிவிட்டேன். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. அதைத் தூக்கி எறிஞ்சது நான்தான். வேற யாருமில்ல, நான்தான்.

ஜூலை 17, வியாழன்

"ஏர்போர்ட்டுக்குப் போறியா? நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள் அம்மா. டெஸ்ட் இருக்கிறது என்றேன். டெஸ்ட் இல்லை.

ஜூலை 19, சனி

நாலு மணி. ஐந்து மணி. ஆறு மணி.

ஆகஸ்ட் 2, சனி

நாலே முக்காலுக்கு அப்பா போன் செய்தார். போன வாரம் நான் எடுக்கவில்லை. இன்று எடுத்தேன். அங்கே குளிரா, தூக்கம் வருதா, அம்மா நல்லா இருக்காங்களா — எல்லாம் ஆறே நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. அன்றைக்கு அப்படிப் போனதற்கு மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வரவில்லை.

"வேற என்னடா?" என்றார்.

"வேற ஒண்ணுமில்லப்பா. உங்களுக்கு?"

"எனக்கும் ஒண்ணுமில்ல. அப்புறம்?"

"அப்புறம்... நீங்கதான் சொல்லணும்."

"வேற?"

"வேற..."

யாரும் போனை வைக்கவில்லை. அவர் பக்கத்தில் ஏதோ வண்டி போகும் சத்தம். என் பக்கத்தில் மின்விசிறி.

ஆறு மணி தாண்டிவிட்டது. இருவருமே அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.