சோகம் என்று பெயர் பெற்ற மைனா

என்னை 'ஏட்டி' என்று கூப்பிட்டவளே,

இன்று காலை பால் பொங்கும் நேரத்தில் தெருவிலிருந்து உன் விசில் கேட்டது. தாழ்வாக இரண்டு இழுப்பு, பிறகு மேலே கொக்கி போட்டு ஒன்று. அடுப்பை அணைக்காமலே பால்கனிக்கு ஓடினேன். கீழே கரோல் பாக்கின் வழக்கமான காலை. காய்வண்டி, ஸ்கூட்டர், படுத்திருக்கும் நாய். நீ இல்லை. எப்படி இருப்பாய்? மார்கழிக் குளிரில் உன்னைத் தகன மேடையில் விட்டுவிட்டு வந்தவள் நான்தானே.

மறுபடி கேட்டது. இந்த முறை தலைக்கு மேலே. ஏ.சி. வைக்கச் சுவரில் விட்டிருந்த ஓட்டையின் விளிம்பில் ஒரு மைனா உட்கார்ந்து, தொண்டையை உப்பிக்கொண்டு, உன் விசிலை அடித்தது.

ஆபீஸில் பக்கத்து மேசைக்காரிகள் நாம், ஞாயிறு தோறும் ரிட்ஜ் காட்டுக்குப் பறவை பார்க்கப் போய், பார்த்ததைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். நான் கும்பகோணத்துக்காரி, செண்பகம் என்பேன். அதே பறவையைத் திருநெல்வேலிக்காரி நீ செம்போத்து என்பாய். தில்லியில் பிறந்த என் மகனுக்கு எந்தப் பறவையும் இந்திக்காரர் சொல்லும் சிடியாதான். கடைசியில் நீதான் பஞ்சாயத்துப் பண்ணினாய். "ஒன் ஊரும் வேண்டாம், என் ஊரும் வேண்டாம். அறிவியல் பேரையே சொல்லுவோம்ட்டி."

பெயர்களுக்குப் பொருள் தேடத் தேடப் பறவைகளே வேறாகத் தெரிந்தன. சென்ட்ரோபஸ் என்றால் முள்கால். அதைப் படித்த பிறகுதான் செம்போத்தின் பின்விரலில் இருந்த நீண்ட நகம் நம் கண்ணில் பட்டது. பறக்கச் சோம்பி அது புதருக்குள் நடந்தே திரிவதும் பட்டது. மழைக்கு முன்னால் வரும் சுடலைக்குயிலின் பெயரிலேயே கத்துகிறவன் என்று இருந்தது. தையல்சிட்டின் பெயரில் செருப்புத் தைப்பவர் இருந்தார். "நம்மாளு துணி தைக்கான்னு சொன்னான், அவன் செருப்பு தைக்கான்னு சொல்லுதான். ரெண்டு பேரும் அது இலையத் தைக்கிறத ஒக்காந்து பாத்திருக்கானுவ" என்று சிரித்தாய்.

மைனா விஷயத்தில்தான் உனக்கு ஆறாத கோபம். அக்ரிடோதெரிஸ் ட்ரிஸ்டிஸ். வெட்டுக்கிளி வேட்டைக்காரன், சோகமானவன். முதல் பாதியை ஒப்புக்கொண்டாய். புல்வெளியில் அது பூச்சி பிடிக்கும் அழகை நாம் பார்த்திருக்கிறோம். இரண்டாம் பாதிக்கு எரிந்து விழுந்தாய். "எவன்ட்டி இதப் போயி சோகம்னவன்? விடிஞ்சதுலேருந்து சண்டையும் சிரிப்பும்தான்." அதன் மங்கிய நிறத்தைச் சொல்லியிருப்பார்கள் என்றேன். "செத்த பறவையோட தோலப் பாத்துப் பேரு வச்சிருப்பான். உசுரோட ஒரு நாள் பாத்திருந்தாம்னா வச்சிருக்க மாட்டான்."

உன் கடைசி நாளுக்கு ஊரிலிருந்து உன் மதினி வந்திருந்தார். எப்போதாவது ஒரு கல்யாண வீட்டில் உன்னைப் பார்த்தவர். துணி விலக்கி முகத்தைக் காட்டியபோது, "பாவம், கல்யாணங்காச்சி இல்லாம, ஒத்தையில கெடந்து, சோகமாவே போயிட்டா" என்றார். நான் மறுத்துச் சொல்வதற்குள் துணியை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. ரிட்ஜில் சில நாள் நீ பைனாகுலரை இறக்கிவிட்டுச் சும்மா நிற்பாய். "என்னடீ?" என்றால், "ஒண்ணுமில்லட்டி, நட" என்பாய். அந்த நேரங்களைத்தான் இப்போது குடைந்துகொண்டிருக்கிறேன். மதினி சொன்னது நிஜமாக இருந்து, கூடவே நடந்த எனக்கு அது தெரியாமல் போயிருந்தால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது.

பால் தீய்ந்த வாசனை அடங்குவதற்குள் ஏ.சி. மாட்டுகிறவர் வந்தார். ஏ.சி. மகன் வாங்கி அனுப்பியது. ஓட்டைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டிஜி, அந்தர் கோஸ்லா ஹை. ஹடா தூ?" என்றார். உள்ளே கூடு இருக்கிறது, எடுத்துவிடவா என்று கேட்கிறார்.

"ரஹ்னே தோ, பையா" என்றேன். அப்படியே இருக்கட்டும்.

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். மகன் போனில் கத்தினான். "அம்மா, இந்த கர்மில ஏ.சி. வேணாமா? ஒரு சிடியாக்காகவா?"

"ஆமாம்டா, ஒரு சிடியாக்காகத்தான்."

காலிங்பெல் கெட்டுப்போனதிலிருந்து நீ இந்த ஓட்டைக்குக் கீழே நின்றுதான் என்னைக் கூப்பிட்டாய். தலை நரைத்தவள் நடுத்தெருவில் விசிலடிப்பதா என்று நான் திட்டத் திட்ட இன்னும் உரக்க அடித்தாய். கேட்டதைத் திருப்பிச் சொல்லும் குணம் மைனாவுக்கு உண்டு. பெயரில் அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. உள்ளே இருந்து அது உன்னைக் கேட்டிருக்கிறது. உன் மதினிக்கு என் பதில் இதுதான். உயிரோடு உன்னைக் கேட்ட ஒரு ஜீவன் உன்னிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது அழுகையை அல்ல.

இப்படிச் சொல்லிக்கொண்டாலும் பயம் முழுசாகப் போகவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே மறுபடி விசில் வருகிறது. என் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது. "இருடீ, வரேன்" என்று வாய்விட்டே சொல்லிவிடுகிறேன். அந்த ஓட்டைக்குள் குஞ்சுகள் கீச்சிடுவதை நிறுத்திவிட்டு, நான் சொல்வதைக் கேட்கின்றன.