கைகட்டி உட்கார்ந்த செவ்வாய்க்கிழமைகள்

ஜூலை 8, செவ்வாய்

கல்லூரியில் நான் நடத்தும் எழுத்துப் பயிற்சி அறைக்கு ஒரு சலவைக்கடைக்காரர் மகள் வந்தாள். முதலாண்டு. பள்ளியில் ஒரு கட்டுரைகூடச் சொந்தமாக எழுதியதில்லையாம். கரும்பலகையைப் பார்த்து எழுதியதோடு சரி. எங்கோ பார்த்து எழுதி வந்திருந்த இரண்டு பக்கத்தையும் உட்கார்ந்து நானே மாற்றி எழுதிக் கொடுத்தேன். "நீங்க எழுதினா எவ்ளோ அழகா இருக்கு மேடம்!" உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அவளுடைய வீட்டுக் கட்டுரைக்கு எண்பது மதிப்பெண். துறைத்தலைவர் என்னைப் பாராட்டினார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

தேர்வில் அவள் எழுதியது மூன்றே வரி. மூன்றையும் அவளே அடித்துவிட்டிருந்தாள். நவம்பர் மறுதேர்விலும் தவறினால் படிப்பே போய்விடும். "பக்கத்துல நீங்க இல்லாம கையே ஓடல மேடம்" என்று அழுதாள்.

அந்த எண்பது யாருடையது? என்னோடது. அடிப்பாவி, என்ன பண்ணி வச்சிருக்கே நீ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 22

கணவரிடம் சொன்னேன். "நான் சொல்ற ஜோக்கையே பாதியில பிடுங்கி நீதானே முடிப்ப. அந்தப் பொண்ணை மட்டும் விட்டுடுவியா?" கோபம் வந்தது. உண்மை என்பதால் கூடுதலாக வந்தது.

செப்டம்பர் 2, செவ்வாய்

பேனாவை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். அப்பாவின் கடையில் முதல் வேலை என்ன என்று அவளிடம் கேட்டேன்.

"சட்டைப் பையில கையை விட்டுப் பாக்கணும் மேடம். இல்லன்னா மருந்துச் சீட்டெல்லாம் கூழாயிடும்."

"அதையே எழுது."

நாற்பது நிமிடம், நாலு வரி. நான் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். பல்லைக் கடித்ததில் தாடை வலிக்கிறது. கணவருக்கு நன்றி — நேரில் சொல்லமாட்டேன், தலைகால் புரியாது அவருக்கு.

செப்டம்பர் 30

எட்டு வரி.

அக்டோபர் 14, செவ்வாய்

முழுப் பக்கம்! 'துவைக்கும் முன் பையைப் பார்க்க வேண்டும். மனிதர்கள் மறதிக்காரர்கள்.' இரண்டாவது வரி தேவையா என்றேன், வாய் சும்மா இருக்காமல்.

"அது இருக்கட்டும் மேடம்."

முதல் முறையாக மறுத்துப் பேசினாள். எனக்கு ஏன் கண் கலங்கியது?

நவம்பர் 13, வியாழன்

மறுதேர்வு. கூடுதல் தாள் வாங்கினாளாம். அதைச் சொல்ல ஓடி வந்தாள்.

நவம்பர் 25, செவ்வாய்

நாற்பத்தாறு. தேறிவிட்டாள். ஒரு எழுத்திலும் என் கை இல்லை.

"இனிமே செவ்வாய்க்கிழமை வரல மேடம். நானே லைப்ரரில உக்காந்து எழுதிக்குறேன். கோவமில்லையே?"

"போடி" என்றேன்.

நன்றி சொல்ல வேண்டியவள் அவள்தான் என்று ஊர் நினைக்கும். அவள் போனபின், கதவைச் சாத்திக்கொண்டு, காலி நாற்காலியைப் பார்த்து அந்த நன்றியை நான் சொன்னேன்.