சும்மா, சம்மர்

பிப்ரவரி 3, திங்கள்

பெங்களூர் காக்ஸ் டவுனில் எல்லோருக்கும் என்மேல் அக்கறை. டிராயிங் டீச்சர் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. நேற்றும் சர்ச் வாசலில் அதே கேள்வி. "என்ன லீனா, வீட்ல சும்மாதான் இருக்கியா?"

ஆமாம், சும்மாதான் இருக்கிறேன். ஒன்பது மாதமாக ஒரே கேன்வாஸ் முன்னால் சும்மா நிற்கிறேன். ஆறடி அகலம், முழுக்கச் சாம்பல். நேற்று முடிந்தது. பெயரும் அதுதான்: சும்மா. கேட்ட எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில்.

பிப்ரவரி 6, வியாழன்

மூன்று பேர் சேர்ந்து கண்காட்சி. தியோடர் தேவாலயங்கள் வரைவார். ஆர்டர் கொடுப்பவர் கேட்டால் கோபுரத்தை இரண்டடி உயர்த்தியும் தருவார். சங்கமித்ரா, பக்கத்து மர்பி டவுன் பெண்களை வரைகிறாள். தெருவில் பார்த்தால் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். நான் எதையுமே வரைவதில்லை என்பது தியோடரின் கருத்து. ஆனாலும் பெரிய மனது பண்ணி இடம் கொடுத்திருக்கிறார், டீ மேசைக்குப் பின்னால்.

"பிஸ்கட் எடுக்க வர்றவங்க உன் பெயிண்டிங்கைப் பார்த்துதானே ஆகணும், லீனா."

படத்தின் பெயரைக் கேட்டார். வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் 'சும்மா' என்று அடித்து அனுப்பினேன். அவருக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும். கான்வென்ட் படிப்பு.

பிப்ரவரி 14, வெள்ளி

திறப்பு விழா. என் படத்துக்குப் பக்கத்தில் அச்சடித்த அட்டை: 'சம்மர்'.

"ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருந்துச்சும்மா. நானே கரெக்ட் பண்ணிட்டேன்" என்றார் தியோடர். முப்பது வருடம் இங்கிலீஷ் வாத்தியார். நன்றி வேறு எதிர்பார்த்து நின்றார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

பிப்ரவரி 15, சனி

டீ மேசையைத் தாண்டிக் கூட்டம். என் படத்துக்கு! "எப்பா, என்ன வெயில்" என்றார் ஒருவர், ஏசிக்குக் கீழே நின்றுகொண்டு. ஓரத்தில் கை தவறிப் பட்ட மஞ்சள் கீற்று ஒன்று, நான் துடைக்க மறந்தது. அதுதான் சூரியனாம். சாம்பல் முழுக்க வற்றிய ஏரியாம். எந்த ஏரி என்று இரண்டு பேர் கன்னடத்தில் சண்டையே போட்டார்கள்.

சங்கமித்ரா மட்டும் என் முகத்தைப் பார்த்தாள். சாயங்காலம் வெள்ளை அட்டை ஒன்றில் தமிழில் 'சும்மா' என்று அழகாக எழுதிக்கொண்டு வந்தாள். "நீங்களே மாத்துங்கக்கா. உங்க படம்."

நாளைக்கு முதல் வேலை அதுதான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அட்டையும் பசையுமாகப் போனேன். படத்தின் முன்னால் மமதா என்றொரு அம்மாள். ஏதோ ஒரு கம்பெனிக்கு ஆபீஸ் அலங்காரம் செய்து தருகிறவராம்.

"மேடம், இந்த சம்மர் எங்களுக்கு வேணும். மான்சூன், விண்டர் ரெண்டும் பண்ணிக் கொடுப்பீங்களா? லாபியில மூணு சுவர் இருக்கு."

இது சம்மர் இல்லை மேடம் — வாய்வரை வந்துவிட்டது. ஒரே ஒரு வரி. சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

"பண்ணலாம் மேடம்" என்றேன்.

அட்டையைப் பைக்குள் வைத்ததை சங்கமித்ரா பார்த்தாள். ஏன் என்று கேட்டிருந்தால் தேவலை.

தியோடர் கை கொடுத்தார். "பாத்தியா, ஸ்பெல்லிங் முக்கியம்."

பிப்ரவரி 27, வியாழன்

மழைப் படத்துக்கு நீலம் வேண்டுமாம் மமதா மேடத்துக்கு. சாம்பலில் மழை தெரியவில்லையாம். பெங்களூரில் இவர்கள் வானத்தைப் பார்த்ததே இல்லை போல.

நல்ல நீலம் எங்கே கிடைக்கும் என்று தியோடரிடமே கேட்டேன். ஆர்டர் ஓவியர் என்று எத்தனை வருடம் அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன். மனுஷன் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, இரண்டு கடை சொன்னார். வெட்கமாக இருந்தது.

மார்ச் 10, திங்கள்

அக்கா ஆஞ்சலா போன் பண்ணினாள். "சும்மாதானே இருக்கே? கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்கு வர்றியா?"

"இல்லக்கா, வேலை இருக்கு."

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லப் போகிறாளாம்.

மழைக்காலத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். சம்மரில் இருப்பது போலவே ஓரத்தில் ஒரு மஞ்சள் கீற்று வேண்டும் என்கிறார் மமதா மேடம், யோசிக்காமல் இழுத்த மாதிரி. காலையிலிருந்து பதினோரு தடவை போட்டுத் துடைத்துவிட்டேன்.

கை தவற மாட்டேன் என்கிறது.