மலைக்குக் கொண்டுபோன தண்ணீர்

இன்று காலை மடத்துவெளிக்குத் தண்ணீர் பவுசர் லொறி வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிடிக்கத் தண்ணீர்க் கானை எடுத்தபோதுதான் கவனித்தேன், அது உம்முடையது. கை வெட்டாமலிருக்கப் பிடியில் நீர் சுற்றிய சிவப்புச் சீலைத்துண்டு இன்னும் அவிழவில்லை.

இந்தக் கானைத்தான் சிவனொளிபாதமலைக்குத் தூக்கிப் போனோம். அப்போது பள்ளிக்கூடத்தில் மிஞ்சியிருந்த ஆசிரியர்கள் நாம் இருவர்தான். பிள்ளைகள் குறைந்துகொண்டே போனார்கள். பட்டணத்துக்கு மாற்றம் கேட்பதா, இருப்பதா? இங்கேயிருந்து யோசித்தால் முடிவு வராது, ஒரு மலை ஏறிப் பார்ப்போம் என்றீர். பனையைவிட உயரமான எதையும் காணாமல் வளர்ந்தவர்கள் நாம். உப்புக் கிணற்றுக்காரரின் பயம் வேறு. போகிற இடத்தில் தண்ணீர் எப்படியோ என்று, அடிவாரத்திலேயே கானை நிரப்பிக்கொண்டோம்.

பாதி வழியில் தேநீர்க்கடை அம்மா சிரித்தார். “ஏங்க, கீழேருந்து தண்ணியா தூக்கிட்டு வாரீங்க? அந்தா, பீலியில சும்மா ஓடுதே.”

பாறையில் செருகிய குழாயால் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கம், அதைவிடக் களைப்பு. ஊற்றிவிட்டுத் திரும்புவோம் என்றேன்.

“நல்ல தண்ணியை நிலத்தில ஊத்த எனக்கு ஏலாது,” என்றீர். “நீர் உச்சியைப் பாராதையும். அடுத்த கடை மட்டும் தூக்குவம். அங்க போய் யோசிப்பம்.”

ஒவ்வொரு கடையிலும் அதையேதான் சொன்னீர். உச்சியில் முகில் மூடிக் கிடந்தது, ஒன்றும் தெரியவில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, அடுத்த பள்ளித் தவணை மட்டும் இருப்போம் என்றேன். பிறகு என்று நானே கேட்டேன்.

“பிறகு அடுத்த கடை,” என்று சிரித்தீர்.

அப்படியே எத்தனையோ தவணைகள். பிறகு ஒருநாள் நெஞ்சு நோகுது என்று ஆசுபத்திரிக்குப் போன நீர் திரும்பி வரவில்லை. உமது வகுப்பும் இப்போது என்னிடம். பட்டணத்தில் எனக்கு இடம் இருக்கிறதாம். நான் போனால் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுவார்களாம். வெள்ளிக்கிழமை கல்வி அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் செய்வது விடாமுயற்சியா, இறக்கிவைக்கத் தெரியாத பழக்கமா என்று விளங்கவில்லை. மலையில் பிடியின் மறுபக்கத்தில் உமது கை இருந்தது.

“அக்கா, தனியத் தூக்குவீங்களோ?” என்று பவுசர்க்காரர் கேட்டார். ஓம் என்றேன். வழியில் இறக்கி இறக்கித்தான் கொண்டுவந்தேன். பிள்ளைகள் கோப்பைகளோடு வாசலில் நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை, அடுத்த தவணை மட்டும் இருக்கிறேன் என்று சொல்லப்போகிறேன். பிறகு என்று கேட்பார்கள். உமது பதில் என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்ல உமது சிரிப்புத்தான் எனக்கு வராது.