குட்டி மைக்கில் அத்தை

பிப்ரவரி 11

காலையிலேயே சண்டை. அண்ணன் அவனுடைய நீள மைக்கைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தான். உறையிலிருந்து உருவி மேசைமேல் வைத்து, "எப்படி இருக்கு?" என்றான். மைக்கைப் பார்த்தா சொல்வார்கள்? கேட்டுத்தானே சொல்ல வேண்டும்!

அண்ணன் இயக்கும் படம், ஒலிப்பதிவு நான். படம் முழுக்க ஒரே வீட்டுக்குள் நடக்கிறது. வாடகைக்கு எடுத்த மூன்றாம் மாடி. தரையெல்லாம் டைல்ஸ், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, கையைத் தூக்கினால் இடிக்கும் கூரை. நீள மைக் வெட்டவெளியில் ராஜா. இந்த மாதிரி அறைக்குள் வைத்தால் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தத்தையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். பக்கெட்டுக்குள் தலையை விட்டுப் பேசியதுபோல் இருக்கும்.

சொன்னேன். "எல்லாரும் இதானே வச்சிருக்காங்க?" என்கிறான்.

"எல்லாரும் வச்சிருக்கிறது ஃபோட்டோல. நீ அதைத்தான் பாத்திருக்க."

முறைத்துவிட்டுப் போனான். போகட்டும். வேறு யார் படமாக இருந்தாலும், எப்படியோ போ, அப்புறம் டப்பிங் பேசிக்கொள் என்று விட்டிருப்பேன். இதில் நடிப்பது அத்தை. ஏப்ரலில் அத்தையின் குரல்வளையை எடுக்கப் போகிறார்கள். தொண்டையில் கட்டி. அதற்கப்புறம் அத்தைக்குப் பேச்சு கிடையாது. டப்பிங்குக்கு யாரைக் கூப்பிடுவது?

அப்பாவின் அக்கா. எங்கள் இருவரையும் வளர்த்தவள். காலமெல்லாம் வானொலி நாடகத்தில் பேசியவள். குரல் எல்லோருக்கும் தெரியும், முகம் ஒருவருக்கும் தெரியாது. "ஆபரேஷனுக்கு முன்னாடி உன் குரலை ஒரு படத்துல பத்திரமா வச்சிடறேன் அத்தை" என்று அண்ணன் சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் சரி என்றாள். நானும்.

பிப்ரவரி 14

அத்தையின் அறையில் வைத்து மூன்று விதமான மைக்குகளைச் சோதித்தேன். மெத்தை, திரைச்சீலை, துணி பிதுங்கும் அலமாரி. சத்தம் எதிலும் முட்டாமல் அடங்குகிற அறை.

முதலில் காலர் மைக். சால்வை உரசும் சத்தம், அதற்கு மேல் நெஞ்சின் கீச்சு கீச்சு. கேட்டுவிட்டு அத்தை சொன்னாள்: "என்னடி இது, பேச்சைவிட மூச்சு பெருசா கேக்குது! டாக்டர்கிட்ட குடு, வேலைக்கு ஆகும்."

நீள மைக் இந்த அறையில் பரவாயில்லை. அந்த மாடியில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் என் குட்டி மைக். சுண்டுவிரல் நீளம்தான். தலைக்கு மேல் ஒரு முழம் தள்ளி, வாயைப் பார்த்துச் சாய்த்துப் பிடித்தேன். ஹெட்ஃபோனில் அத்தை வந்து உட்கார்ந்துவிட்டாள். சொல் முடிகிற இடத்தில் அவளுக்கு வரும் அந்த லேசான கரகரப்புகூட அப்படியே.

"டெஸ்ட்டுன்னா முழுசா டெஸ்ட் பண்ணணும்" என்று சொல்லிப் படத்தில் அவள் பேச வேண்டிய அத்தனையையும் ஒரே மூச்சில் பேசினாள். வீட்டைவிட்டுப் போகும் மகனிடம் சொல்கிற கடைசி வசனம்: "சாவியை வச்சிட்டுப் போ. கதவை நான் பூட்டிக்கிறேன்." அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. முடித்த கையோடு, "போதுமா சின்னது? நல்லா கேட்டுச்சா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. நான் பேசினால் அதுவும் பதிவாகிவிடும் என்கிற தொழில்புத்தி.

பிப்ரவரி 15

அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். செல்போனைத் தடவிக்கொண்டே கேட்டான். "நல்லாத்தான் இருக்கு."

"அப்ப குட்டி மைக்கே வைக்கலாமா?"

"தயாரிப்பாளர் வந்து பாத்தா என்ன நினைப்பாரு? பென்சில் மாதிரி இருக்கு."

பென்சிலாம்! இவனிடம் என்ன பேச? பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை, "விடாதடி, விடாத" என்று சிரித்தாள்.

பிப்ரவரி 23

படப்பிடிப்பு. வீட்டில் இருந்த கம்பளி, ஜமுக்காளம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்க் கண்ணாடிச் சுவரில் தொங்கவிட்டேன். இரைகிற ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு, மறுபடி போட மறக்காமல் இருக்க அண்ணனுடைய கார்ச் சாவியை உள்ளே வெண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒலிப்பதிவுக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். சாவி இல்லாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாதே.

அரை மணி நேரத்தில் கம்பளியெல்லாம் தரையில் கிடந்தது. அண்ணனுக்குக் கண்ணாடி வழியாக வெளிச்சம் வேண்டுமாம். கூரையும் படத்தில் தெரிய வேண்டுமாம். அப்புறம் நான் மைக்கை எங்கிருந்து தொங்கவிடுவது, ஆகாயத்திலிருந்தா? அறையின் அந்தக் கோடியில் நின்று நீள மைக்கை நீட்டிக்கொண்டிருந்தேன். குட்டி மைக்கையும் ஓரமாக வைக்கிறேன் என்றேன். "நிழல் விழுது, எடு" என்றான்.

ஹெட்ஃபோனில் அத்தை கிணற்றுக்குள் இருந்தாள்.

பிப்ரவரி 27

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 6

கடைசி நாள். சாவி வசனம். எல்லோரும் கை தட்டினார்கள். அத்தை நேராக என்னிடம்தான் வந்தாள். "கேட்டுச்சா சின்னது?"

தலையை ஆட்டினேன். வாயைத் திறந்திருந்தால் உண்மை வந்திருக்கும்.

ஏப்ரல் 3

அறுவை முடிந்தது. பிழைத்துக்கொண்டாள். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என்னிடம் சொன்னது: "செருப்பை எடுத்து ஓரமா வை, யாராவது தடுக்கி விழப் போறாங்க." அதுதான் கடைசிப் பேச்சு. ஏதாவது பெரிதாகச் சொல்லியிருக்கக் கூடாதா? செருப்பு!

ஏப்ரல் 28

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் பைத்தியம் பிடிக்கும்.

படத்தில் பதிவான அத்தையின் குரல் எதற்கும் ஆகாது என்று ஸ்டுடியோவில் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த விஷயம்தான். பிப்ரவரியில் எடுத்த குட்டி மைக் பதிவைக் கொண்டுபோயிருந்தேன். "முழு வசனமும் இதுல இருக்கு. வரி வரியா வெட்டிப் படத்துல பொருத்தறேன். ஒரு மாசம் குடு" என்று அண்ணனிடம் சொன்னேன்.

"வேற நாள் பேசினது. உதட்டோட ஒட்டாது."

"ஒட்ட வைக்கிறது என் வேலை."

"ஒட்டாதுன்னா ஒட்டாது. விடு."

அப்போதுதான் அத்தைக்கு டப்பிங் பேசப்போகும் அம்மாள் வந்தார். பாவம், நல்ல மனுஷி. என் பக்கத்தில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "ஜனவரியிலேயே சாம்பிள் கேட்டாரும்மா சார். வயசான குரலா இருக்கணும், ஆனா கரகரன்னு இருக்கக் கூடாதுன்னாரு. நல்லவேளை, தேதி ஒத்து வந்துச்சு."

ஜனவரி. படப்பிடிப்புக்கு முன்னால். நான் மைக்குகளை வரிசையாக வைத்துக்கொண்டு தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியதற்கு முன்னால்.

அண்ணனை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். மறைக்கக்கூட இல்லை அவன். "அந்தக் குரலை யாரு ரெண்டு மணி நேரம் உக்காந்து கேப்பாங்க? எனக்கு வேண்டியது அத்தையோட முகம். அது கிடைச்சிருச்சு."

"அப்புறம் எதுக்குடா என்னைக் கூப்பிட்ட? எதுக்கு அந்த மைக் சண்டை?"

"நீ மைக்குக்காகச் சண்டை போடறதை அத்தை பாத்துட்டே இருந்தா. அதனாலதான் நம்பினா."

அடப்பாவி. என் சண்டையையே தூண்டிலில் புழுவாக மாட்டியிருக்கிறான். நானும் நன்றாக நெளிந்திருக்கிறேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "விடாதடி, விடாத" என்று சிரித்தாளே! நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் சந்தேகப்பட்டிருப்பாளா? வேண்டாம் என்று சொல்லியிருப்பாளா? தெரியவில்லை. தெரியப் போவதும் இல்லை.

பெயர்ப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டு வந்தேன். "சரி" என்றான். ஒரே ஒரு "சரி".

ஜூலை 12

படம் போட்டுக் காட்டினார்கள். அத்தை போவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் போட்ட துளையை மறைக்க மெல்லிய துணி, மடியில் எழுதிக் காட்டும் பலகை. வேறு குரல் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். ஏன், எப்போது முடிவானது என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

திரையில் அத்தை வாயைத் திறந்தாள், அந்த அம்மாள் பேசினார். சுத்தமான, வழவழப்பான குரல். பக்கத்தில் அத்தை அசையாமல் பார்த்தாள். சாவி வசனம் வந்தபோது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் அண்ணன் குனிந்து, "எப்படி இருந்துச்சு அத்தை?" என்றான். பலகையில் எழுதினாள்: நல்லா பேசறா.

"பாத்தியா?" என்று என் பக்கம் திரும்பினான். "அத்தையே சொல்லிட்டா." பலகையை வாங்கித் தயாரிப்பாளரிடம் வேறு கொண்டுபோய்க் காட்டினான்.

ஜூலை 13

மத்தியானம் அத்தை என் அறைக்கு வந்தாள். மேசையில் இருந்த குட்டி மைக்கைத் தொட்டாள், அப்புறம் தன் காதைத் தொட்டாள். புரிந்தது. ஹெட்ஃபோனை மாட்டப் போனேன், வேண்டாம் என்று ஸ்பீக்கரைக் காட்டினாள். பிப்ரவரிப் பதிவைப் போட்டேன்.

முதல் வரியிலேயே அவள் வாய் அசைய ஆரம்பித்தது. எதிரே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சொல் முந்தவில்லை, ஒரு சொல் பிந்தவில்லை. மூச்சு வாங்குகிற இடத்தில் நின்றாள், சிரிப்பு வரும் இடத்தில் கன்னம் ஏறியது. சாவியை வச்சிட்டுப் போ. கதவை நான் பூட்டிக்கிறேன். உதட்டோடு ஒட்டாதாம்!

வசனம் முடிந்தது. நிறுத்தப் போனேன், கையைப் பிடித்துத் தடுத்தாள். ஸ்பீக்கரில் அவள் குரல், "போதுமா சின்னது? நல்லா கேட்டுச்சா?" என்றது. அதற்கும் உதடு அசைந்தது, என்னைப் பார்த்து.

"நல்லா கேட்டுச்சு அத்தை" என்றேன்.